யாருக்குச் சொன்ன வழி

குடும்பத்தோடு மலையேறிப் போகிறவர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட பழைய வழிநூல் மலைபடுகடாம். இப்படிச் சொன்னால் சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பத்துப்பாட்டில் ஒன்று, மறுபெயர் கூத்தராற்றுப்படை, பாடியவர் பெருங்கௌசிகனார், பாடப்பட்டவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன், 583 அடி. தேர்வுக்கு இவ்வளவு போதும் என்றுதான் எங்களுக்கு நடத்தினார்கள். வள்ளல் ஒருவனைப் புகழ்ந்த பாட்டு என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் பாட்டின் பெரும்பகுதியில் நன்னன் இல்லை. அவனிடம் போய்ச் சேரும் வழிதான் இருக்கிறது.

அந்த வழியில் நடப்பவர்கள் யார்? முதல் அடிகளிலேயே மூட்டை கட்டும் காட்சி வருகிறது. முழவு, குழல், தூம்பு, தட்டை என்று கருவிகளைப் பைகளில் கட்டிக் காவடித் தண்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது பலாக்காய்க் கொத்துப்போல இருக்கிறதாம். கூட விறலியர், பிள்ளைகள், சுற்றம். பரிசு பெற்றுத் திரும்பிவரும் ஒரு கூத்தன் எதிரே வந்து, இவர்களின் தலைவனை விளித்து வழி சொல்லத் தொடங்குகிறான்.

விறலியர் இங்கே அறிமுகமாகும் விதம் நமக்குப் பழக்கமானது. அவர்கள் மயில்போல இருக்கிறார்கள். கல்லில் நடந்து நொந்த அவர்களின் சிறிய பாதத்துக்கு இளைத்த நாயின் நாக்கு உவமையாகிறது. பிற ஆற்றுப்படைகளிலும் இந்த உவமை உண்டு. உரைநூல்கள் இதை மென்மைக்கும் செம்மைக்கும் சான்றாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். நாக்கைத் தொங்கவிட்ட நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது களைப்பின் படம். வலியை அழகாக வாசிக்கப் பழகிய கண் உரைகாரர்களுடையது. உவமையைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். விளி ஒருமையில் இருக்கிறது: ‘தலைவ’. அடுத்து வரும் ஏவல்களோ பன்மை: ‘கழிமின்’, ‘வதிமின்’. தமிழில் முன்னிலைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. தலைவனைக் கூப்பிட்டுத் தொடங்கிய பேச்சு, பாறை வழுக்கத் தொடங்கியதும் எல்லோரிடமும் பேச வேண்டியதாகிறது. பாசி படிந்த இடத்தில் ஓரத்து மூங்கிலைப் பற்றிக்கொள்ளச் சொல்வது விறலிக்கும் சேர்த்துத்தான். ஆழமான நீர்நிலையின் கரையில் கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, செம்மறிபோலத் தலை கலைந்த பிள்ளைகளோடு, ஒருவரை ஒருவர் காத்துக் கடக்கச் சொல்கிறான். பிள்ளையைத் தாய் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவன் சொல்லவில்லை. மாணவிகளுக்கு இந்த இடத்தை நடத்தும்போது நான் வேகமாகப் போவதில்லை. குடும்பப் பயணத்தில் கைக்குழந்தை யார் மடியில் இருக்கும் என்பது கேள்வியாகக்கூட எழாத வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள்.

விறலியருக்கென்று தனியே தரப்படும் வேலை ஒன்று உண்டு. பாம்பு இருக்கும் இடத்தில் அவர்கள் கைகூப்பித் துதிக்க வேண்டும்; பிறகு கூட்டம் வழியைவிட்டுச் சற்றே விலகி, வலமாகச் சுற்றிப் போகும். ஆபத்துக்கு நேரே பெண்ணின் பக்தியை நிறுத்துவது அன்றே தொடங்கியிருக்கிறது.

இரவானால் நடக்காதீர்கள், உங்கள் வீட்டுக்குள் புகுவதுபோலக் குகைக்குள் புகுந்து தங்குங்கள் என்கிறான். வழியில் கிடைக்கும் பன்றி இறைச்சியை மூங்கில் நெருப்பில் வாட்டித் தின்று, மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போகலாம். இங்கேயும் ஏவல் பன்மைதான், அடுப்புக்கென்று ஒருத்தியைக் குறிக்கவில்லை. மகிழத் தோன்றுகிறது. ஆனால் இதற்கு முன்பே குறவர் வீடுகளில் கிடைக்கும் வெண்சோற்றைச் சொல்லும்போது, அதை ஆக்கியவள் குறமகள் என்று பாட்டு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வந்தவர்களைப் பிள்ளைகள்போல முறை சொல்லித் தடுத்து உண்ண வைக்கும் வீடுகள் அவை. பயணம் போகும் பெண்ணுக்கு ஒருவேளை அடுக்களையிலிருந்து விடுதலை கிடைத்தால், அது இன்னொருத்தியின் அடுக்களையால் கிடைக்கிறது. போளூரிலிருந்து காரில் ஜமுனாமரத்தூர் ஏறி, ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கும் நகரத்துக் குடும்பங்களும் இதிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை. அம்மாவுக்கு ஓய்வு என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். களி கிண்டிக் கொடுத்த பெண் படத்தில் இருப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பெருங்கௌசிகனார் நம்மைவிட நேர்மையானவர்.

பாட்டின் சிறந்த பகுதி மலையின் ஓசைகளை அடுக்கும் இடம். நூலுக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது: மலை ஒரு யானை, அதன் ஓசைகள் மதநீர். அருவி, யானை, பறை எல்லாம் கேட்கின்றன. நான் திரும்பத் திரும்பப் போவது மூன்று ஓசைகளிடம். புலி பாய்ந்து கணவர் மார்பில் உண்டான புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர் பாடுகிறார்கள். தினை குற்றும் பெண்கள் வள்ளைப்பாட்டுப் பாடுகிறார்கள். பிடிக்க மறந்து குட்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்ட மந்தி, தன் கூட்டத்தோடு சேர்ந்து கதறுகிறது. பெண்களைக் கண்ணால் பார்த்தபோது மயில் என்று சொன்ன அதே பாட்டு, காதால் கேட்கும்போது அவர்களின் உழைப்பையும் மருத்துவத்தையும் துக்கத்தையும் பதிவுசெய்துவிடுகிறது. கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருணனை மரபு பார்வையை முன்பே பழக்கி வைத்திருந்தது. செவியை அந்த அளவுக்குப் பழக்கவில்லை. அந்த மந்தியின் அருகில், பிள்ளைகளோடு நடக்கும் விறலியை நிறுத்திப் பாருங்கள். ‘ஒருவரை ஒருவர் காத்து’ என்பதன் கனம் அப்போது தெரியும்.

விறலியின் குரல் கடைசியில் நன்னன் அவையில் கேட்கிறது. யாழ் நரம்பின் ஓசையை மீறாமல், முறை அறிந்து பாடுகிறவர்களாக அவர்கள் அங்கே வருகிறார்கள். பாதமாகவும் கூந்தலாகவும் தொடங்கியவர்கள் தொழில் தெரிந்த கலைஞர்கள் என்று தெரிய ஐந்நூறு அடிகளுக்கு மேல் நடக்க வேண்டியிருக்கிறது. பரிசும் அங்கே பிரிகிறது: தலைவனுக்குப் பொற்றாமரை, அவர்களுக்கு அணிகலன்.

அந்த நவிரமலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை என்று சொல்கிறார்கள். இன்று கடப்பாறைப் படிகளைப் பிடித்துக் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். எங்கள் துறையில் பாட்டை நடத்தியபின் அங்கே ஒரு களப்பயணம் போகலாம் என்றேன். மாணவர்கள் அன்றே பெயர் கொடுத்துவிட்டார்கள். மாணவிகள் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.