காந்தியின் கோட்டு

நேமத்தான்பட்டியில் அண்ணன் மகளுக்குக் காந்தி கதைப் புத்தகமொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். 1893, மாரிட்ஸ்பர்க்: ரயிலிலிருந்து தள்ளிவிடுகிறார்கள், அடுத்த பக்கத்தில் மகாத்மா. "அவருக்குக் கோபம் வரலையா, சித்தப்பா?" என்றாள். புத்தகத்தில் பதிலில்லை.

நம் குழந்தை எழுத்தில் அஹிம்சை என்றால் பிறவிச் சாதுத்தனம். (ராயவரம் அழ. வள்ளியப்பாவின் ஓசை வேறு விஷயம், அவரும் வங்கிக்காரர்தான்.) மன்ரோ லீஃபின் காளை ஃபெர்டினாண்ட் உபதேசம் செய்வதில்லை, பூவை முகர்கிறது. 1936இல் வந்த அந்தக் கதையைப் பிராங்கோவின் ஸ்பெயின் தடைசெய்தது. நம் போதனைப் புத்தகங்களால் யாருக்கும் தொந்தரவில்லை.

'சத்திய சோதனை'யில் அந்த ராத்திரி இருக்கிறது. குளிர். கோட்டு பெட்டியோடு ரயில்வேக்காரர்களிடம். கேட்டால் மறுபடி அவமதிப்பார்களோ என்று கேட்காமல் நடுங்கியபடி, ஊர் திரும்புவதா, உரிமைக்காக நின்று போராடுவதா என யோசிக்கிறார். இந்தப் பயத்தைக் குழந்தையிடமிருந்து ஏன் மறைக்கிறோம்?

அவளிடம் சொன்னேன். "காலையிலாவது கோட்டைக் கேட்டாரா?" என்றாள்.