சாகாத சீஃப்

டிஸ்னியின் ‘தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்’ (1981) படத்தைத் திரும்பப் பார்த்தேன். நரிக்குட்டி டாடும் நாய்க்குட்டி காப்பரும் நண்பர்கள். ஒரே குளிர்காலம், காப்பர் வேட்டைநாயாகத் திரும்புகிறான். டாடைத் துரத்திப்போன கிழநாய் சீஃப், ரயில் மோதிப் பாலத்திலிருந்து விழுகிறான். கால் முறிவோடு பிழைத்தும் விடுகிறான். டேனியல் மானிக்ஸின் 1967 நாவலில் சீஃப் செத்தே போகிறான். இங்கதான் படம் பயந்துடுச்சு. ஒரு முறிந்த காலுக்கு இவ்வளவு பழிவெறியா?

ஆனால் முடிவு ஏமாற்றவில்லை. துப்பாக்கிக்கும் டாடுக்கும் நடுவே காப்பர் வந்து நிற்கிறான். டாட் பிழைக்கிறான். அப்புறம்? நாய் வீட்டுக்கு, நரி காட்டுக்கு. உயிரைக் காப்பாத்தினவன்கூடவும் சேர்ந்து வாழ முடியாமப் போகலாம்னு குழந்தைகளிடம் சொன்ன படம் இது. சாவை மறைத்தாலும் பிரிவை மறைக்கவில்லை.