பேசாத ஹவானா: ‘சுவீட் ஹபானா’ படத்தை முன்வைத்து

கியூபா என்றால் நம்மில் பலருக்குச் சே குவேரா டி-சட்டையும் பழைய அமெரிக்கக் கார்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே தினமும் காலையில் எழுந்து அடுப்பு பற்றவைத்து வேலைக்குப் போகிறவர்கள் அந்தச் சித்திரத்தில் இல்லை. பெர்னாண்டோ பெரஸ் 2003-இல் எடுத்த ‘சுவீட் ஹபானா’ இவர்களைப் பற்றிய ஆவணப்படம். தலைப்பில் இருப்பது இனிப்பு அல்ல. பல சிறு இசைத்துண்டுகளைக் கோர்த்துச் செய்யும் இசைவடிவத்தின் பெயர்.

படத்தின் அமைப்பும் அதுதான். ஹவானாவில் விடியலிலிருந்து இரவுவரை ஒரு நாள். சுமார் பத்துப் பன்னிரண்டு நிஜ மனிதர்கள். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை, வசனமும் ஏறக்குறைய இல்லை. சுத்தியல், சைக்கிள், சமையலறை, மழை என்று நகரத்தின் ஓசைகள் மட்டும் கேட்கின்றன.

79 வயதுப் பாட்டி ஒருவர் நிலக்கடலையைக் காகிதத்தில் சுற்றித் தெருவில் விற்கிறார். ஒரு தந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனோடு இருப்பதற்காகக் கட்டடக் கலைஞர் வேலையை விட்டவர். தண்டவாளம் பழுதுபார்ப்பவர் சாக்ஸபோன் வாசிக்கிறார். மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி இரவில் பெண் வேடமிட்டு மேடையேறுகிறார். மருத்துவர் கோமாளி வேடம் போடுகிறார். பலருக்கும் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. பெரஸ் இரண்டையும் சம மரியாதையோடு காட்டுகிறார். படத்தின் பெரிய பலம் அதுதான்.

ஆனால் இந்த மௌனத்தை நாம் எப்படி வாசிக்கிறோம்? அதைக் ‘கவித்துவம்’ என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். கடலைப் பொட்டலத்தைப் பார்த்ததும் நமக்குக் கச்சாங் பூத்தே ஞாபகம் வந்துவிடும். அந்த ஞாபகம்தான் இங்கே இடைஞ்சல். பாட்டியின் வறுமை நமக்கு இதமான பழைய படமாகிவிடுகிறது.

காரணங்களைப் படம் சொல்வதில்லை. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும், அதன் எண்ணெயையும் வணிகத்தையும் நம்பியிருந்த கியூபப் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அமெரிக்கத் தடையும் நீங்கவில்லை. 1993-இல் டாலர் வைத்திருப்பது சட்டபூர்வமானது. அதன்பின் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெளிநாட்டில் சொந்தமோ சுற்றுலா வேலையோ உள்ளவர் கையில் டாலர். அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்குபவர் கையில் பெசோ. படம் வந்த காலத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 26 பெசோ. 1962 முதல் இருக்கும் ரேஷன் புத்தகம் மாதம் முழுக்கச் சோறு போடாது. அந்த வயதில் ஒருவர் ஏன் கடலை விற்கிறார் என்று ஹவானாவாசிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நமக்கு விளக்க வேண்டும். அது தெரியாமல் பார்த்தால் பொறுமை அவர்களுடைய பிறவிக் குணம்போலத் தெரியும்.

விளக்கமே இல்லாமல் மௌனம் முழுசாக வேலை செய்யும் இடமும் உண்டு. வேதாதோ பகுதிப் பூங்காவில் ஜான் லென்னனின் வெண்கலச் சிலை இருக்கிறது. மூக்குக்கண்ணாடி அடிக்கடி திருடு போனதால் அதற்குக் காவல். ஆட்கள் முறைவைத்து, மழையிலும் உட்கார்ந்து காக்கிறார்கள். அறுபதுகளில் பீட்டில்ஸை முகம் சுளித்துப் பார்த்த அரசு, 2000-இல் அவருக்கே சிலை வைத்தது. பெரஸ் கிண்டல் செய்யவில்லை. ஒரு மனிதர் கண்ணாடிக்குக் காவல் இருக்கிறார், அவ்வளவுதான். சிரிப்பதா வருந்துவதா என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

படம் கடைசியில்தான் பேசுகிறது, அதுவும் எழுத்தில். ஒவ்வொருவரின் பெயர், வயது, கனவு. கடலைப் பாட்டியின் முறை வரும்போது, அவருக்கு இனிக் கனவுகள் இல்லை என்று வருகிறது. அதுவரை அவரைப் ‘பாவம்’ என்று ரசித்துக்கொண்டிருந்தவருக்கு இது சரியான அடி. அரசு நிறுவனமான இகாய்க்கின் ஆதரவோடு எடுத்த படத்தில் ஒரு முதியவர் இப்படி முடிவது சாதாரண விஷயமல்ல.

2021 ஜூலை 11 அன்று கியூபாவின் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கிச் சத்தமாகவே பேசினார்கள். 2024 அக்டோபரில் ஒரு பெரிய மின்நிலையம் நின்றதும் நாடு முழுக்க இருண்டது. மின்துறையில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்குத் தெரியும், ஒரு நிலையம் நின்று முழு வலையமைப்பும் விழுகிறது என்றால் அது ஒரே இரவில் வந்த பழுது அல்ல. பல வருடம் சத்தமில்லாமல் தேய்ந்திருக்கும். ‘சுவீட் ஹபானா’வை இப்போது பார்க்கும்போது அந்தத் தேய்மானத்தைக் கவனியுங்கள். அழகு தானாகவே கண்ணில் படும்.