'கிடைக்கும்' என்ற வினை

புத்தகம் வெளிவந்த செய்தியை ஆசிரியர் அறிவித்த அரைமணிக்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: பிடிஎஃப் கிடைக்குமா? கேட்பவர் விரோதியல்ல, பெரும்பாலும் அபிமானி. கேட்பதும் எழுதியவரிடமேதான். கூச்சம் ஏதும் இல்லை. திருட்டு என்ற வார்த்தையை அவரிடம் பிரயோகித்தால் உண்மையாகவே புண்பட்டுப்போவார். அந்தப் புண்படல் போலியானதல்ல என்பதுதான் இதில் விசேஷம்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். 'கொடுப்பீர்களா' என்று கேட்டால் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான். மறுக்கிற உரிமையும் அவனுக்கு இருக்கிறது. 'எங்கே வாங்கலாம்' என்றால் விலை என்று ஒன்று இருக்கிறது. 'கிடைக்கும்' என்பதில் ஆள் இல்லை. மழை பெய்தால் காளான் கிடைக்கும். எழுதியவன், மெய்ப்புப் பார்த்தவன், அச்சுக்குக் கடன் வாங்கியவன் எல்லோரும் இலக்கணத்திலிருந்தே வெளியேற்றப்பட்டுவிடுகிறார்கள். மின்நூல் திருட்டு பற்றிய நம் வாசக மனோபாவம் முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

காரணங்கள் சொல்லப்படாமல் இல்லை. முதலில் விலை. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கின. இரண்டு டீ, இரண்டு வடைக்கான காசில் கிடைக்கும் மின்நூல்களும் பூட்டு உடைக்கப்பட்டு டெலிகிராம் குழுக்களில் சுற்றத்தான் செய்கின்றன. ஆகவே விலை முழுக் காரணமல்ல. காரணமே அல்ல என்பதும் நேர்மையல்ல. டில்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளைப் பிரதியெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது உரிமை மீறலல்ல என்று உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்னது. வழக்குப் போட்டவை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள். 2017ல் அவையே வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. அந்த மாணவன் பக்கம் நிற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவனுடைய நியாயத்தைக் கடன் வாங்கி, 200 பிரதி அச்சிட்டு அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கிவைத்திருக்கும் கவிஞன்மீது பிரயோகிக்கும்போது, அது வேறு காரியமாகிவிடுகிறது.

பிரதி எடுப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக் கண்டது இந்த மொழி. ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் தேடித் தேடி ஸ்கேன் செய்துவைக்க 2005ல் 'நூலகம்' தொடங்கப்பட்டதன் பின்னால் அந்தச் சாம்பலின் ஞாபகம் இல்லாமலிருக்க முடியாது. 1998லிருந்து மதுரைத் திட்டத்துக்காகப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சில் இல்லாத தொகுப்பை இரவல் வாங்கி, இரவெல்லாம் நோட்டில் எழுதிவைத்துக்கொண்ட நண்பர்களை நானே அறிவேன். கையால் எழுதுகிறவனுக்குத் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது விரல் வலியிலேயே தெரிந்துவிடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் கட்டுரைத் தொகுதி ஒன்று 300 பிரதிகள் போட்டது. இன்னமும் தீரவில்லை. அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் எனக்கே வந்து சேர்ந்தது, 'அருமையான நூல், தவறவிடாதீர்கள்' என்ற சிபாரிசோடு. திறந்தால் முதல் பக்கத்தில் என் கையெழுத்து. 'அன்புடன்' என்று எழுதி, தேதியிட்டு ஒரு நண்பருக்குக் கொடுத்த பிரதி அது. அந்தப் பக்கத்தைக்கூட விடாமல் ஸ்கேன் செய்திருந்தார். கேட்டேன். 'நாலு பேர் படிக்கட்டுமே' என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை, தெரிவிக்க வேண்டிய விஷயமாக அவருக்குப் படவில்லை. எனக்குப் போன பணம் அற்பம். அதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கோப்பு நூற்றுக்கணக்கான போன்களில் இருக்கிறது என்று அவரே பெருமையாகச் சொன்ன பிறகும், கட்டுரைகளில் ஒன்றை மறுத்தோ திட்டியோ ஒரு வரி எனக்கு வரவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். சி. சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அந்த 'வேண்டாம்' ஒரு மதிப்பீடு. இன்று யாரும் வேண்டாம் என்பதில்லை. எல்லாவற்றையும் இறக்கிக்கொள்கிறார்கள். 4,000 நூல்கள் வைத்திருக்கிறேன் என்கிறார் ஒருவர். எதைப் படித்தீர்கள் என்று கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்கிறார். மறுபடியும் அதே வினை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது மோசடிக் கட்டுரை ஆகிவிடும். சிற்றேடுகளில் நாம் போட்ட லத்தீன் அமெரிக்கக் கதைகள், கிழக்கு ஐரோப்பியக் கவிதைகள் - எத்தனைக்கு அனுமதி கேட்டோம்? மூல ஆசிரியனுக்கு ஒரு பிரதி அனுப்பிவைக்கவாவது தோன்றியதா? பணமில்லை, முகவரி தெரியாது, இது லாபத்துக்கல்ல, நாலு பேர் படிக்கட்டும் - என் நண்பர் சொன்ன வாக்கியங்கள்தான். நாம் உழைத்தோம், ஒவ்வொரு வார்த்தையோடும் மல்லுக்கட்டினோம் என்று ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம். நானும் அதைச் சொல்லித்தான் சமாதானப்பட்டு வந்திருக்கிறேன். சமீபகாலமாக அந்தச் சமாதானம் அவ்வளவு உறுதியாக இல்லை.

நண்பருக்கும் எனக்கும் பேச்சு நின்றுவிடவில்லை. போன வாரம், நான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் பிடிஎஃபை அனுப்பியிருந்தார். அது அச்சில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும். இறக்கி, முப்பது பக்கம் படித்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.