'இல்லை'யும் 'காணப்படவில்லை'யும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் கலைச்சொல்லைப் பற்றியே பெரிதும் கவலையுறுகின்றனர். எதிர்மறை வினைமுற்றைப் பற்றிக் கவலையுறுவார் அரியர். 'இப்புரதம் உயிரணுவில் இல்லை' என்பது பொருளைப் பற்றிய கூற்று. 'காணப்படவில்லை' என்பதோ தேடிய முறையைப் பற்றிய கூற்று. புரத ஆய்வுச் செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பெரும்பிழை என்பேன்.

நம் சிங்கப்பூரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தையும் சார்ந்த நோர்ட்லண்ட் குழுவினர், 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு முறையை வெளியிட்டனர். மருந்து தன் இலக்கான புரதத்தைப் பற்றியதா என உயிரணுவுக்குள்ளேயே அறியும் முறை அது. சூடேறினால் புரதம் முட்டை வெண்கரு போலத் திரளும். மருந்து பற்றிய புரதம் பெரும்பாலும் சற்று மிகுந்த சூட்டையும் தாங்கும். ஆகவே உயிரணுக்களைச் சூடாக்கி, உடைத்து, விரைந்து சுழற்றித் திரண்டதை அடியில் தள்ளி, மேல்நீரில் எஞ்சிய புரதத்தை அளப்பர்.

சிக்கல் இங்கேதான். உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் பதிந்த புரதங்கள் நீரில் கரையா. சூட்டில் திரளாவிடினும் சவ்வுத் துண்டுகளோடு அடியில் போய்விடும். மேல்நீரை மட்டும் பார்ப்பவன் 'இல்லை' என்று எழுதிவிடுவான். மருந்துகளுள் மிகப் பலவற்றின் இலக்கு இச்சவ்வுப் புரதங்களே! 2015இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, என்.பி.-40 என்னும் மென்மையான டிடர்ஜென்டைச் சேர்த்து இக்குறையை நீக்கியது. அடியில் மறைந்த சவ்வுப் புரதங்கள் பல மேல்நீருக்கு வந்தன.

வலிய டிடர்ஜென்ட் இன்னும் நன்றன்றோ எனின், அன்று. பற்பசையிலும் ஷாம்பூவிலும் சேரும் எஸ்.டி.எஸ். சவ்வைக் குலைப்பதில் மிக வல்லது. ஆனால் சூட்டில் திரண்டதையும் அது கரைத்துவிடும். தாங்கியது எது, தாங்காதது எது என்னும் வேறுபாடே அழிந்துபோம். பிற புரத ஆய்வுகளிலும் அதனால் தொல்லையுண்டு. புரதத்தைத் துண்டாக்கும் டிரிப்சினை அது முடக்கும். நிறைமானியில் புரதத் துண்டின் குறிப்பை அமுக்கிவிடும். கழுவி நீக்கினாலோ புரதமும் ஓரளவு கூடவே போகும். பித்தநீரில் உள்ள டிஆக்சிகோலேட் இவ்வகையில் எளியது. அமிலமிட்டால் படிந்துவிடும், பிரித்தெடுக்கலாம்.

'அழுக்குநீக்கி' என்னும் பெயரும் எனக்கு உடன்பாடன்று. சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கும் சலவைத்தூளுக்கு அது பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் அப்பொருள் கொழுப்பினின்று பெயர்த்தெடுப்பது ஆய்வாளன் தேடும் புரதத்தை அன்றோ? அதனை அழுக்கென்று மாணவன் எண்ணலாமா? 'கரைதுணை' என்றால் தொழில் விளங்கும். சிறந்த சொல் தருவாருளரேல் ஏற்பேன்.

இன்மையை அறிவது எவ்வாறு என்பது நம் தருக்க நூலார்க்குப் பழைய வினா. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் 'அபாவம்' என அதனைச் சுட்டுகிறது. இருந்தால் காணத்தக்க சூழலில் காணாதபோதே 'குடம் இல்லை' எனல் தகும்; இருளில் துழாவியவனுக்கு அவ்வுரிமை இல்லை. கரைதுணை பொருந்தாத ஆய்வும் அத்தகைய இருளே.

ஆகவே, 'என்.பி.-40 கொண்டு எடுத்த மேல்நீரில் இப்புரதம் காணப்படவில்லை' என்றே எழுதச் சொல்கிறேன். நீளுகிறது என்று மாணவர் முணுமுணுக்கின்றனர். நீளட்டும்.