நகைச்சுவைப் பாத்திரமும் பேச்சுமொழியும்: ஈழத்து மேடை, வானொலி, திரை நடிப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடகம், திரைப்படம் ஆகியன குறித்து இதுவரை எழுந்துள்ள திறனாய்வுகளில் நகைச்சுவை நடிகருக்கு உரிய கவனம் கிடைத்ததில்லை. கூத்தின் மீட்டுருவாக்கம் பற்றியும், மொழிபெயர்ப்பு நாடகங்கள் பற்றியும், சமூக விமர்சன நாடகங்கள் பற்றியும் விரிவாகப் பேசிய முற்போக்குத் திறனாய்வாளர்கள், நகைச்சுவையைப் பொழுதுபோக்கு என ஒதுக்கினர். மரபுவழிப் பண்டிதர்களோ அதனைக் கொச்சை எனப் புறந்தள்ளினர். எதிரெதிர் முகாம்களில் நின்ற இரு சாராரும் இவ்வொரு விடயத்தில் உடன்பட்டு நின்றமை வியப்பிற்குரியது. இப்புறக்கணிப்பினால், ஈழத்தவரின் பேச்சுமொழி கலைமொழியாகப் பயின்ற முதன்மையான களங்களுள் ஒன்று ஆய்வுக்குட்படாமலே போயிற்று. நகைச்சுவைப் பாத்திரம் நமது பேச்சுமொழிக்கு எத்தகைய இடத்தை அளித்தது, அவ்விடமே எவ்வாறு அதன் எல்லையாகவும் அமைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அரங்கில் எந்தப் பாத்திரம் எம்மொழியைப் பேசுகின்றது என்பது சமூக அதிகாரத்தோடு தொடர்புடைய வினாவாகும். சமஸ்கிருத நாடக மரபில் அரசன் சமஸ்கிருதம் பேச, விதூஷகன் பிராகிருதம் பேசுகின்றான். விதூஷகன் பிறப்பால் அந்தணனாயினும் அவனுக்கு உயர்மொழி விலக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. சாதியினும் மேலாக, சிரிப்பிற்குரியவன் என்ற நிலையே இங்கு மொழியைத் தீர்மானிக்கின்றது. தென்னிந்தியத் தமிழ்த் திரைப்படம் உருவானபோது இந்த ஏற்பாடு வேறு வடிவிற் புகுந்தது. கதைத் தலைவனும் தலைவியும் எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு பொதுத் தமிழைப் பேசினர். வேலைக்காரன், சமையற்காரன், நாட்டுப்புறத்தான் ஆகியோரே ஊர்ப் பேச்சைப் பேசினர். நகைச்சுவைப் பகுதி மூலக்கதையினின்றும் பிரிக்கப்பட்டுத் தனியே எழுதப்படும் வழக்கமும் வலுப்பெற்றது. என். எஸ். கிருஷ்ணன் போன்ற ஒருவர் அத்தனிப்பகுதியைச் சீர்திருத்தக் கருத்துக்களுக்குரிய மேடையாக மாற்றிக்கொண்டார் என்பது உண்மையே. ஆயினும், ஊர்ப் பேச்சு சிரிப்பிற்குரியது, பொதுப் பேச்சு உணர்ச்சிக்குரியது என்ற பிரிவினை அவராலும் தகர்க்கப்படவில்லை.

இப்பிரிவினை ஈழத்து இரசிகரை இரு மடங்காகப் பாதித்தது. தமிழ்நாட்டு இரசிகருக்குத் திரையின் பொதுத் தமிழ் தமது நாட்டு மேடைகளிலும் ஏடுகளிலும் பழகிய மொழியாகவேனும் இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கோ மட்டக்களப்பினருக்கோ அது திரையரங்கிற் கற்ற மொழியாகும். காதலும் துயரமும் வீரமும் அயலான மொழியிலேயே வெளிப்படுதல் இயல்பு என நெடுங்காலமாகப் பழகிய செவிக்கு, தனது சொந்தப் பேச்சு திரையில் ஒலித்த மாத்திரத்தே சிரிப்பு எழுந்தது. பேசப்படும் பொருள் யாதாயினும் சிரிப்பே முந்தியது.

2

இந்நிலைக்கு மாறான ஒரு முயற்சி பல்கலைக்கழகச் சூழலிலேயே முதலில் எழுந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘நானாடகம்’ 1940 இல் நூலுருப் பெற்றது. ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ முதலிய அவரது நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலேயே எழுதப்பட்டு, மாணவர்களால் நடிக்கப்பட்டன. சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு மொழியியலறிஞர், அன்றாடப் பேச்சின் ஒலிகளை எழுத்திற் பதிக்க எடுத்துக்கொண்ட முயற்சி அது. 1952 இல் வெளிவந்த ‘இருநாடகம்’ அம்முயற்சியின் தொடர்ச்சியாகும்.

இந்நாடகங்களின் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கின்றது என்பதே நமக்கு முக்கியமானது. இவற்றில் உடையாரும் அவரைச் சூழ்ந்தோரும் ஒரே பேச்சுவழக்கினரே. மேடையில் எல்லோரும் ஊர்ப் பேச்சையே பேசும்போது, பேச்சு சிரிப்பிற்குரிய பொருளாக நிலைக்க முடியாது. தொடக்கத்திற் சில கணங்கள் செவி கூசலாம். பின்னர் அது பழகிவிடும். அதன் பின் சிரிப்பு உடையாரின் மிடுக்கின்மீது, அதாவது நடத்தையின்மீது சென்று தங்குகின்றது. காலனித்துவ ஆட்சியின் கீழ் உடையார் என்ற பதவி கிராமத்தில் எத்தகைய செல்வாக்குடையதாக இருந்தது என்பதை அறிந்தோர், அச்சிரிப்பின் சமூகப் பெறுமதியை எளிதில் உணர்வர். பேச்சிலிருந்து நடத்தைக்குச் சிரிப்பு இடம்பெயர்வதையே நல்ல நகைச்சுவை நடிப்பின் அளவுகோலாகக் கொள்ளலாம் எனத் தோன்றுகின்றது.

3

இவ்வளவுகோலைக் கொண்டு, ஈழத்து நகைச்சுவை நடிப்பில் மிகப் பரந்த மக்களைச் சென்றடைந்த முயற்சி ஒன்றை நோக்குவோம். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் ஒலிபரப்பாகிப் பெரும் புகழ் பெற்ற எஸ். ராம்தாஸின் நகைச்சுவைத் தொடரும், அதன் பாத்திரங்களைக் கொண்டு எஸ். இராமநாதனின் நெறியாள்கையில் 1976 இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ திரைப்படமுமே அது. அன்று தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1972 இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் ஏற்பாடுகளும் உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு ஓரளவு இடமளித்தன. இப்பொருளாதாரச் சூழலின்றி ‘கோமாளிகள்’ போன்ற படத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்வது கடினம்.

தொடரின் நான்கு பாத்திரங்களும் நான்கு வகைத் தமிழைப் பேசின. ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் ஒருவர் பேசும் தமிழைப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகப் பிராமணத் தமிழைப் பேசினார். முஸ்லிம் அல்லாதவர் மரிக்காராகவும், முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், தமிழர் ஒருவர் உபாலியாகவும் நடித்தமை தற்செயலான செய்தியன்று. ஒவ்வொரு நடிகரும் தம் வீட்டிற்கு வெளியே நின்று கேட்ட பேச்சைத் தம் நாவிற் கொண்டுவர வேண்டியிருந்தது. வானொலியில் உடையோ முகமோ உதவ முடியாது. பாத்திரம் முழுவதும் செவியினாலே கட்டப்பட வேண்டியதாகும். இந்நடிகரின் திறமைக்கு மக்கள் அளித்த சான்றிதழ் அவர்களது பெயர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே அவர்கள் அறியப்பட்டனர்.

இந்நால்வரின் உரையாடலில் பொதுத் தமிழ் பேசும் ‘உயர்ந்த’ பாத்திரம் எதுவும் அளவுகோலாக நிற்பதில்லை. தென்னிந்தியத் திரையில் ஊர்ப் பேச்சு பொதுப் பேச்சின் அருகே வைக்கப்பட்டுச் சிறுமையுற்றது. இங்கு நான்கு பேச்சுக்களும் ஒரே தளத்தில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. யாழ்ப்பாணத்தார் மரிக்காரைக் கேட்டுச் சிரிக்கும்போதே அப்புக்குட்டியைக் கேட்டும் சிரிக்கவேண்டியவராகின்றார். தன்னைப் பார்த்துத் தான் சிரிக்கும் இப்பழக்கம், தன் வழக்கே செந்தமிழுக்கு அண்மையது என நீண்டகாலம் பெருமைகொண்ட ஒரு சமூகத்திற்குப் பயனுள்ள பயிற்சியேயாகும்.

4

எனினும் இதன் குறைபாடுகளையும் மறைத்தல் தகாது. முதலாவது, பேச்சுவழக்கு பாத்திரத்தின் ஓர் அடையாளமாக அன்றிப் பாத்திரத்தின் முழுமையாகவே மாறிவிடும் ஆபத்தாகும். முஸ்லிம் என்றால் இன்ன பேச்சு, இன்ன இயல்பு என்ற வாய்பாடு உருவானபின், நடிகர் மனிதரைப் படைக்க வேண்டிய தேவை இல்லாது போகின்றது. தொடர்ந்த புகழ் இவ்வாய்பாட்டை மேலும் இறுக்கிற்று. பாத்திரத்தின் பெயர் நடிகரின் பெயரோடு ஒட்டியமை அவருக்குக் கிடைத்த விருது மட்டுமன்றி அவரைப் பிணித்த விலங்குமாகும்.

இரண்டாவது, வழக்குகளின் தெரிவு பற்றியது. ஈழத்து அந்தணர்களின் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் யாழ்ப்பாண வழக்கோடு ஒட்டியது. ‘ஆத்துக்கு’, ‘நேக்கு’ என்னும் வழக்கு நமக்குத் தென்னிந்திய மேடை வழியாகவும் திரை வழியாகவும் வந்தது. ஆகவே நான்கு வழக்குகளுள் ஒன்று வாழ்க்கையிலிருந்து அன்றி, ஏற்கெனவே இருந்த நகைச்சுவை மரபிலிருந்தே பெறப்பட்டது. மறுபுறம், இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தம் உழைப்பினால் தாங்கிய மலையகத் தொழிலாளரின் பேச்சிற்கு இந்நால்வரின் வரிசையில் இடமில்லை. சமத்துவமாகத் தோன்றும் ஓர் அவையில் யார் அழைக்கப்படவில்லை என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும்.

மூன்றாவது குறைபாடு தனிப்பட்ட எந்த நடிகரையும் சாராதது. தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ 1977 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையையும், சாதியையும், பெண்ணின் நிலையையும் ஆழ்ந்த நோக்கோடு அணுகிய அப்படம் திரையரங்குகளிற் படுதோல்வியுற்றது. முந்திய ஆண்டில் ‘கோமாளிக’ளை வரவேற்ற அதே இரசிகர்கள் இதனைப் புறக்கணித்தனர். ‘பொன்மணி’யின் மெதுவான நடையும் புதிய திரைமொழியும் தோல்விக்குக் காரணங்களே. ஆனால் நம் பேச்சு சிரிப்பதற்கே உரியது எனப் பழகிய செவியையும் அக்காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும். 1960 களில் ‘இழிசனர் வழக்கு’ என்ற பழிப்பிற்கு எதிராக முற்போக்கு எழுத்தாளர் போராடிச் சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுமொழிக்குப் பெற்றுத்தந்த மதிப்பு, திரையைச் சென்றடையவில்லை. நகைச்சுவை நடிகர் நம் பேச்சிற்கு வாயிலைத் திறந்தார். திறந்த வாயில் ஒரே அறைக்கு மட்டும் இட்டுச்சென்றதெனின், அதற்குரிய பொறுப்பு அவருடையதன்று. அடுத்த அறைகளைக் கட்டத் தவறிய நாடகாசிரியரும், அவரது நடிப்பைக் கவனியாது விட்ட திறனாய்வாளரும் அப்பொறுப்பை ஏற்கவேண்டும்.

5

பிற இனத்தவரின் பேச்சை நடித்துக் காட்டுவது இந்நாட்டில் விளையாட்டான செயலன்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின், மொழி அரசியலின் மையமாயிற்று. 1958 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது, ஒரு சொல்லை உச்சரிக்கும் முறைகொண்டு இனம் அறியப்பட்டது. உச்சரிப்பு உயிரைத் தீர்மானித்தது. 1990 இல் வடமாகாண முஸ்லிம்கள் தம் இல்லங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கும்போது, உபாலியின் தமிழும் மரிக்காரின் தமிழும் புதிய பொருள் பெறுகின்றன.

சிங்களவர் பேசும் தமிழை உதாரணமாகக் கொள்வோம். பேச்சுச் சிங்களத்தில் வினை, எழுவாயின் இடத்திற்கும் பாலிற்கும் ஏற்ப விகுதி பெறுவதில்லை. ஆகவே சிங்களவர் ஒருவர் தமிழிற் பேசும்போது ‘நான் வாறது’, ‘அவர் போறது’ என ஒரே வடிவைக் கையாளுதல் இயல்பு. அது அறியாமையின் விளைவன்று. ஒரு மொழியின் இலக்கணம் மற்றொன்றினுள் தொழிற்படும் விதமே. இதனை உணராது ‘பிழைத் தமிழ்’ என்று மட்டும் நடிப்பவர் இகழ்ச்சியை வளர்க்கின்றார். உணர்ந்து நடிப்பவர், நம்மொழியைக் கற்க முயலும் ஒரு மனிதனை நம்முன் நிறுத்துகின்றார். ஓசை இரண்டிலும் ஒன்றே. நடிகரின் மனப்பாங்கே வேறு. வன்செயலில் ஈடுபட்டவனும் நகைச்சுவை நடிகரும் பிறரது உச்சரிப்பை நுணுகிக் கேட்டவர்களே. அக்கேள்வியை எதற்குப் பயன்படுத்தினர் என்பதிலேயே அவர்களுக்கிடையிலான முழு வேறுபாடும் அடங்கியுள்ளது.

கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பு இவ்வகையில் மேலும் ஒரு படியைக் காட்டுகின்றது. யாழ்ப்பாணத்துப் பேருந்து நடத்துநர் ஒருவரே அதன் பாத்திரம். வேறு நடிகரோ காட்சியமைப்போ இன்றி, ஒரே குரலினால் நெரிசல் மிக்க பேருந்தும் பயணிகளும் உருவாக்கப்படுகின்றனர். தென்னிந்தியத் திரையில் ஓரத்தில் நின்ற உழைப்பாளி இங்கு நடுவே நிற்கின்றார். பயணிகளின் பாசாங்கும் அந்தஸ்துப் பற்றும் அவரது கண்ணினூடாகவே தெரிகின்றன. அவரது பேச்சே மேடையின் பொது அளவுகோலாக அமைவதால், ‘உடையார் மிடுக்கு’ போன்றே இங்கும் சிரிப்பு நடத்தையின்மீது செல்கின்றது.

மேற்கூறியவற்றால், ஈழத்து நகைச்சுவை நடிப்பு இருவேறு வழிகளிற் சென்றமை புலனாகும். ஒன்று பேச்சைக் காட்டிச் சிரிப்பூட்டுவது; மற்றையது பேச்சினூடாக மனிதரைக் காட்டிச் சிரிப்பூட்டுவது. ஒரே நடிகரிடத்தும், சிலவேளை ஒரே காட்சியிலும் இவ்விரண்டும் கலந்திருத்தல் கூடும். இவற்றை வேறுபடுத்திக் காணும் பணி இனிமேலேயே தொடங்கப்பட வேண்டியுள்ளது. அதற்கு முதற்றேவை ஒலிச்சான்றுகளாகும். வானொலி நாடகம் காற்றோடு போவது. நடிகர் தலைமுறை ஒன்று மறைந்தும் புலம்பெயர்ந்தும் வருகின்றது. எஞ்சியுள்ள ஒலிநாடாக்களையும் எழுத்துப் பிரதிகளையும் தேடித் தொகுத்தல், ஒவ்வொரு வழக்கும் எவ்வாறு நடிக்கப்பட்டதென மொழியியல் நோக்கிற் பதிவுசெய்தல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஏற்ற பணிகளாகும். பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் நாடகங்களை மேடையேற்றிய மரபினர்க்கு இது புதிய கடமையன்று. இடையில் நின்றுபோன கடமையேயாகும்.