ஆதிரை இட்ட பிச்சை: மணிமேகலையில் ஈகையும் கல்வியும்

மணிமேகலைக் காப்பியத்தை ஆராய்ந்தோருட் பலர் அதனை இருவேறு கூறுகளாகப் பகுத்துக் காண்பர். அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி போக்கும் பகுதி கவிச்சுவை மிக்கது என்றும், சமயக்கணக்கர் திறமும் அளவை நூற் பொருளும் கூறும் இறுதிக் காதைகள் சுவை குன்றியவை என்றும் உரைப்பர். இப்பகுப்புப் பொருந்துமா என்பதை ஆராய்வதும், காப்பியம் காட்டும் ஈகை நெறியைக் கொண்டு தமிழகத்துப் பௌத்தப் பள்ளிகளின் வரலாற்றை நோக்குவதும் இக்கட்டுரையின் கருத்தாகும். பௌத்தக் கல்வியை மீண்டும் நிலைநிறுத்தப் பொருள் திரட்டுவோர் உள்ள இக்காலத்தில், இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று.

முதற்கண் அமுதசுரபியின் வரலாற்றை நோக்குவாம். சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. ஆயினும் நாடு வளம் பெற்று உண்பார் இல்லாதொழிந்தபோது அது பயனற்றதாயிற்று. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன் அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுத் தன் உயிரையும் நீத்தான். கொள்வார் இல்லாவிடத்துக் கொடை இல்லை என்பது இதனாற் புலனாகும். பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருகின்றது. வந்த அளவிலேயே அது அமுது சுரக்கவில்லை. சாதுவன் மனைவியாகிய ஆதிரை தன் இல்லத்திலிருந்து முதற் பிச்சை இட்ட பின்னரே சுரக்கின்றது. தெய்வத்தன்மை வாய்ந்த பாத்திரத்திற்கும் ஓர் இல்லாளின் கைப்பிடிச் சோறு இன்றியமையாதது எனச் சாத்தனார் அமைத்த திறம் ஊன்றி நோக்கற்பாலது.

இவ்வீகை படிப்படியாக உயர்கின்றது. காயசண்டிகையின் பெரும்பசி தீர்கின்றது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகின்றது. இறுதியாகக் கச்சிமாநகர் புக்க காதையில், மழையின்றி வாடிய காஞ்சியில் பல மொழி பேசும் மக்களும் உணவு பெறுகின்றனர். அக்காதையின் முடிவில் அறவணவடிகள், மாதவி, சுதமதி ஆகியோர் அங்கு வருகின்றனர். மணிமேகலை அவர்களை வணங்கி உணவு படைக்கின்றாள். அதனையடுத்து வரும் காதையில்தான் அறவணர் அளவை நூலைக் கற்பிக்கத் தொடங்குகின்றார். வறியார்க்கு இட்ட கை ஆசிரியர்க்கும் இடுகின்றது; உண்ட ஆசிரியர் அறிவை வழங்குகின்றார். ஆகவே அளவை நூற்பகுதி காப்பியத்தில் ஒட்டவைத்த பகுதியன்று. அன்னதானத்தின் விளைவே அஃது என்பது எம் துணிபு. தானமும் சீலமும் முற்றிய பின்னரே தலைவி மெய்ப்பொருள் கேட்கும் தகுதியுடையளாகின்றாள் என இறுதிக் காதையின் தொடக்கமும் இதனை வலியுறுத்தும்.

எனினும் ஒரு குறை உண்டு. பள்ளியில் நாள்தோறும் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் நிலையான வருவாய் யாது என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. குறையாத பாத்திரம் இருக்கும்வரை அவ்வினா எழாது. வரலாற்றிலோ அத்தகைய பாத்திரம் இல்லை.

காஞ்சியின் பௌத்தக் கல்வி கற்பனையன்று. புத்தகோசர் தம் மனோரதபூரணி என்னும் உரையைக் காஞ்சியில் தம்முடன் உறைந்த சோதிபாலர் வேண்ட இயற்றினார் என்பர். கி. பி. 640-ஐ ஒட்டி இங்கு வந்த யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் எனக் குறித்துள்ளார். நாலந்தாவின் தலைமை ஏற்ற தருமபாலரின் பிறப்பிடம் இதுவே என்றும் கூறியுள்ளார். ஆயின் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் நாகசேனன் என்னும் பிக்குவை நகைப்பொருளாக்கினான். வணிகன் தனதாசன் இல்லத்தில் ஊனும் மீனும் நிறைந்த விருந்து பெற்று இராசவிகாரம் திரும்பும் அப்பிக்கு, மாளிகையும் மஞ்சமும் நல்லுணவும் துறவியர்க்கு இசைந்த புத்தர் மதுவையும் மங்கையரையும் மட்டும் எங்ஙனம் விலக்கியிருப்பார் என ஐயுறுகின்றான். அங்கத நாடகத்தை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளுதல் முறையன்று. கொடை மிகுந்த பள்ளியை அக்காலத்தோர் எவ்வாறு எள்ளினர் என்பதற்கு அது சான்றாகும். ஆதிரை இட்ட பிச்சையும் தனதாசன் இட்ட விருந்தும் இல்லறத்தார் கொடைகளே. முன்னது ஒருத்தியின் பாத்திரத்தில் விழுந்து ஊர்ப்பசி தீர்த்தது. பின்னது கொண்டவனோடு முடிந்தது.

அரசர் கொடையில் பெரியது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்குரியது. ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் எடுத்த அவ்விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அதன் வருவாய் 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் அப்பட்டயம் எல்லைகளையும் நெல்லளவையும் நுணுகிக் கூறுகின்றது. அங்கு ஆசிரியர் எத்துணையர், மாணாக்கர் எத்துணையர், ஓதிய நூல்கள் யாவை என்பவற்றை வகுத்துரைக்கவில்லை. அவ்விகாரத்தின் எஞ்சிய கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது.

இதனைச் செங்கற்பட்டுப் பகுதியின் கல்வெட்டு ஒன்றோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, இன்று கல்பாக்கம் குடியிருப்பு அமைந்துள்ள கடற்கரைப் பகுதியை அடுத்துப் பாலாறு கடலொடு கலக்கின்றது. அவ்வாற்றின் மேற்போக்கில், செய்யாறும் வேகவதியும் உடன் கூடுமிடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) ஒரு கல்விச்சாலையையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் குறிக்கின்றது. இருக்கு ஓதுவார் 10 பேர், எசுர் ஓதுவார் 10 பேர், இலக்கணம் கற்பார் 20 பேர் எனவும், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய நெல் இவ்வளவு எனவும் அது வரையறுக்கின்றது. அங்கு ஓதப்பெற்ற இலக்கணங்களுள் ரூபாவதாரம் ஒன்று. அது தருமகீர்த்தி என்னும் பௌத்தர் இயற்றியது என்பது மரபு. பௌத்தர் நூல் ஒன்று வைணவக் கோயிலின் அறக்கட்டளையால் ஓதப்பெற்றமை வியத்தற்குரியது. அதே வீரராசேந்திரன் பெயரால் பௌத்தராகிய புத்தமித்திரர் தமிழில் வீரசோழியம் இயற்றினார் என்பதும் நினைக்கத்தக்கது. ஒப்பிடும் ஆவணங்கள் சிலவே. எனினும், ஆசிரியனையும் மாணாக்கனையும் நூலையும் பெயர் சுட்டிய கொடை கல்வியைத் தாங்கும் ஆற்றல் மிக்கது என்பது இவற்றால் தெளிவாகும். குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காமல், அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரைவழிச் சில செய்யுட்களேனும் கிடைத்திருப்பது இதன் மறுதலைச் சான்று. தன்னவர் ஓதாத நூலை மாற்றார் மறுப்பே காத்தது.

பிற்கால மறுமலர்ச்சியும் இதனையே உணர்த்தும். 1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டார். அவ்வாண்டிலேயே அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுவந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. கோலார் தங்கவயலின் தொழிலாளர் முதலிய எளியோர் அதற்குத் துணையாயினர். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அவர்தம் நூல்களைப் பின்னரும் வெளியிட்டது. ஆனைமங்கலத்தின் நெல்லோடு ஒப்பிட அக்காசு மிகச் சிறிது. ஆயினும் அது தமிழில் படிக்கும் நூலாக மாறியது. அதனால் இன்றும் படிக்கப்பெறுகின்றது. பிக்குகளைத் தமிழ்வழிப் பயிற்றும் நிலைத்த கல்லூரி அளவிற்கு அம்முயற்சி வளராமற் போனமை அதன் எஞ்சிய குறை எனலாம்.

தொகுத்து நோக்கின், சாத்தனார் வகுத்த நிரல் இஃதாகும்: முதலில் இல்லறத்தார் கைப்பிடி, அடுத்துப் பசித்தோர்க்கு உணவு, அதன்பின் ஆசிரியர்க்கு உணவு, முடிவில் கல்வி. இந்நிரலின் நடுவில் நின்றுபோன கொடைகள் கட்டடங்களாக எழுந்து கட்டடங்களாகவே மறைந்தன. இன்று பௌத்தப் பள்ளிகட்குப் பொருள் வழங்க முன்வருவோர் விகாரம் எழுப்புமுன், கற்பிப்பவர் யார், கற்பவர் யார், தமிழில் ஓதும் நூல் யாது என்னும் மூன்றையும் வரையறுத்து வழங்குதல் வேண்டும். மணிமேகலையின் இறுதிக் காதைகளைச் சுவையற்றவை என ஒதுக்குதலும், பள்ளிக்குக் கல்வியின்றிக் கொடை வழங்குதலும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்க.